வாளிக்கடியில் ஒரு வெள்ளை விரல்

போன புரட்டாசியில் உச்சிப்புளிக்குப் போனபோது ரோட்டோரம் விழுந்து கிடந்த பனம்பழம் ஒன்றை எடுத்து வந்தேன். சுட்டுத் தின்றதுபோக மூன்று கொட்டைகள். அதில் ஒன்றை ராமநாதபுரம் வீட்டு மொட்டைமாடியில், பழைய பெயிண்ட் வாளியில் மண் நிரப்பிப் புதைத்தேன். இரண்டு மாதமாகியும் மேலே ஒன்றும் தெரியவில்லை. கொட்டை கெட்டுவிட்டது என்று வாளியைக் கவிழ்க்கத் தூக்கினேன். தண்ணீர் வடியப் போட்ட அடித்துளை வழியாக வெள்ளையாக ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தது.

மாங்கொட்டை இப்படிச் செய்யாது, பலாக்கொட்டையும் செய்யாது. புதைத்த இடத்திலிருந்து நேரே வெளிச்சத்துக்கு வரும். பனையோ முதலில் பூமிக்குள் இறங்குகிறது. கொட்டையிலிருந்து ஒரு குழல் நீண்டு, நாளைய குருத்தைத் தன் நுனியில் சுமந்துகொண்டு கீழே போகிறது. போதுமான ஆழத்தில் நின்ற பிறகே வேரைக் கீழும் இலையை மேலும் அனுப்புகிறது. வெயிலும் தீயும் ஆட்டின் பல்லும் எட்டாத இடத்தில்தான் மரம் தொடங்குகிறது. நாம் கொட்டை வைத்த இடத்தில் இல்லை.

அந்தப் பயணத்துக்கான கட்டுச்சோறு கொட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஆனியில் நுங்காக இருந்ததுதான் முற்றிக் கல்லாகிவிட்ட அந்தப் பருப்பு. முளை இறங்க இறங்க, உள்ளே ஒரு வெள்ளைப் பஞ்சு வளர்ந்து அதைக் கரைத்து முளைக்குக் கொடுக்கும். நாங்கள் அரிவாளால் பிளந்து எடுத்துத் தின்ற தவுன் அதுதான். ஒரு குழந்தையின் சோற்றைப் பிடுங்கித் தின்றிருக்கிறோம் என்று இந்த வயதில்தான் உறைக்கிறது.

எங்கள் அப்பத்தா ஆவணி, புரட்டாசியில் கிழங்குக்குப் பாத்தி போடுவாள். குழி தோண்ட மாட்டாள். மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மண் தூவுவாள். விதைக்கிறவர்கள் பள்ளம் எடுப்பார்கள், இவள் ஏன் மேடு கட்டுகிறாள் என்று அப்போது எனக்கு விளங்கியதில்லை. வாளியைத் தூக்கிய அன்றுதான் விளங்கியது. முளை கீழே போகும் என்பது அவளுக்குத் தெரியும். அது போகிற அளவுக்குப் பூமியை முன்கூட்டியே உயர்த்தி வைத்தாள். தைப்பொங்கலுக்கு மேட்டைச் சரித்தால் கிழங்கு உடையாமல் கைக்கு வரும்.

பாத்தி போடுவதற்கு முன் குவியலிலிருந்து நாலைந்து கொட்டைகளைத் தனியாக எடுத்து வைப்பாள். வேலியோரம் குதிகாலால் மண்ணில் அழுத்திவிட்டு நடப்பாள். ஒருநாள் அதையும் பாத்திக்கு எடுத்து வந்தேன்.

“அதத் தொடாதய்யா. பாத்தியில கெடக்கறது நமக்கு. இது மண்ணுக்கு.”

மாவில் ஒட்டுக் கட்டலாம், முருங்கையில் போத்து வெட்டி நடலாம். பனைக்கு அந்த வழி இல்லை. வடக்கே பாக் விரிகுடாவுக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே, ரயில் ஜன்னலில் ஓடிவரும் அத்தனை பனைகளும் ஒவ்வொன்றும் ஒரு கொட்டை தனியாக இறங்கிப் பிழைத்த கதை. 2021-இல் தமிழக அரசின் முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் தருவதாக அறிவித்தார்கள். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. பிடுங்கி இடம் மாற்றினால் பனங்கன்று எளிதில் பிழைக்காது. அதற்கு விதைதான் முறை.

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று ஊரில் சொல்வார்கள். அப்பத்தா தன் வேலிப் பனைகளை வடலியாகப் பார்த்தாள். அவை பாளை விட்டபோது அவள் இல்லை. எது அலகு என்கிற ஆண்பனை, எது பருவம் என்கிற பெண்பனை என்று தெரியவே பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகிவிடுகிறது. அந்த வேலிப் பனைகளில் இரண்டில் நுங்கு தின்றவன் நான்.

மார்கழியில் வாளியோடு ஊருக்குப் போனேன். வாளியைப் பக்கவாட்டில் கத்தியால் கிழித்து, மண் உதிராமல் ஆழக் குழியில் இறக்கினேன். வெள்ளை விரல் உடையவில்லை. மிச்சமிருந்த இரண்டு கொட்டைகளுக்குக் குழி வெட்டவில்லை. வேலியோரம் குதிகாலால் அழுத்திவிட்டு வந்தேன்.