கூடாரத்தின் அடியில்

கூடாரத்தின் அடியில் தனி விரிப்பு வேண்டுமா, சுமைதானே மிகும் என எம் பங்கு இளைஞர் வினவுகின்றனர். வைகை அணைக்கு அருகே, உரியவர் இசைவு பெற்ற தோட்டமொன்றில், பீடச் சிறுவரோடு இரண்டு இரவு தங்குவது அவர்தம் திட்டம். சிறுவருள் ஒருவனுக்கு இழுப்பு நோய். ஈரத்தில் படுத்தால் தாங்கமாட்டான்.

கொடைக்கானல் புல்வெளியில் அவ்விரிப்பு வீண் சுமையாகலாம். 1959-இல் திறக்கப்பெற்ற இவ்வணையைச் சூழ்ந்த ஆண்டிபட்டி நிலமோ வேறு. சீமைக்கருவேல முள் செருப்பையே துளைக்கும். மெல்லிய நைலான் தரை எம்மாத்திரம்? துளை விழுந்தால் மண்ணின் ஈரம் மேலேறும். ஆதலின் விரிப்பு வேண்டும் என்பதே என் முடிவு. விலையுயர்ந்தது வேண்டா, உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்தாலே முள்ளைத் தாங்கும், அதன்மேல் ஒரு பாலித்தீன் தாள் போதும்.

ஆனால் விரிப்பு பெரிதாயிருப்பது நன்றெனக் கருதற்க. கூடாரத்துக்கு வெளியே நீளும் ஓரம், மேலிருந்து வழியும் ஐப்பசி மழையை ஏந்தி அடியில் தேக்கும். படுக்கைக்குக் கீழே மற்றோர் அணை! நாற்புறமும் நான்கு விரல் உள்ளடங்க மடித்திடுக. மேட்டிடம் தேர்ந்து, முள் பெருக்கிய பின்னரே விரித்திடுக. காலையில் உதறி, வெயிலில் உலர்த்திச் சுருட்டுக.