சிறிய கழிவறையும் தஹாரத்தும்



ஃபிக்ஹு நூல்கள் தஹாரத்திலிருந்தே தொடங்குகின்றன. மதரஸாவில் ஆண்டுதோறும் நான் நடத்தும் அப்பாடம், இவ்வாண்டு என் வீட்டுக் கழிவறைக்கே தேவைப்பட்டது.

எழுபதைக் கடந்த என் தாயாருக்கு முழங்கால் மடங்குவதில்லை. குந்தி அமர அஞ்சி, தஞ்சையின் சித்திரை வெயிலிலும் தண்ணீர் பருகுவதைக் குறைத்துக்கொண்டார்கள். வெஸ்டர்ன் டாய்லெட் வைப்போம் என்றபோது, “அதுல தெறிக்கும்பா. துணி நஜீஸாயிட்டா தொழுகை என்னாகும்?” என்று மறுத்தார்கள்.

அவர்களின் அச்சம் மார்க்கத்தில் வேரூன்றியது. சிறுநீர் விஷயத்தில் பேணுதலின்றி இருந்தவர் கப்ரில் வேதனை செய்யப்படுவதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. ஆயினும் ஷரீஅத் வலியுறுத்துவது தூய்மையும் மறைவுமே. கோப்பையின் வடிவம் இன்னதென அது வரையறுக்கவில்லை. இயலாதவருக்கு எளிதாக்குவதும் மார்க்கமே. இதை எடுத்துரைத்ததும் தாயார் இசைந்தார்கள்.

எங்கள் கழிவறை 4 அடி அகலம், 5 அடி நீளம். கழிவுக்குழாய் தரையில் இறங்கினால் ‘எஸ் டிராப்’, சுவருக்குள் சென்றால் ‘பி டிராப்’ கோப்பை வேண்டும். எங்களுடையது முதல் வகை. அதற்குப் பூச்சு முடிந்த சுவரிலிருந்து குழாயின் மையம் வரை அளந்துகொண்டே கடைக்குச் செல்ல வேண்டும். 4, 9, 12 அங்குலங்களுக்கெனத் தனித்தனிக் கோப்பைகள் உள்ளன. எழுந்திருக்க எளிதாக 18 அங்குல உயர இருக்கையைத் தேர்ந்தோம்.

உள்நோக்கித் திறக்கும் கதவு முழங்காலில் இடிக்குமென்று, கோப்பையை மேற்குச் சுவரோரம் திருப்பிவிடப் பிளம்பர் யோசனை கூறினார். தஞ்சைக்குக் கிப்லா, மேற்கிலிருந்து ஏறத்தாழ 21 பாகை வடக்கே சாய்ந்தது. அவ்வாறு வைத்தால் அமர்பவரின் முதுகு கிப்லாவை நோக்கும். கட்டடத்துக்குள் இதற்கு ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு. நாங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் இல்லை. எனவே கோப்பையைப் பழையபடி வடக்கு நோக்கியே வைத்து, கதவை வெளிப்புறம் திறக்குமாறு மாற்றினோம். முதியவர் உள்ளே விழ நேரிட்டாலும் கதவு தடையாகாது என்பது கூடுதல் நன்மை.

கைத்தெளிப்புக் குழாயின் வேகத்தை அதன் வால்வில் குறைத்ததும் தெறிப்பு அடங்கியது. தாயாரின் மனநிறைவுக்காக வாளியும் குவளையும் அருகிலேயே உள்ளன. தண்ணீர்த் தொட்டி 3 லிட்டர், 6 லிட்டர் எனத் தேவைக்கேற்பத் திறப்பது. ஒரு முத்து அளவு நீரில் ஒளூச் செய்த நபியின் உம்மத்துக்கு, அதிலும் மேட்டூர் நீரை எதிர்நோக்கி வாழும் நமக்கு, அச்சிக்கனம் பொருத்தமானதே.

உங்கள் இல்லத்து முதியவர்கள் போதிய தண்ணீர் பருகுகிறார்களா என்று கவனியுங்கள். நாணத்தால் அவர்கள் சொல்லாததைக் கழிவறையின் அமைப்பு சொல்லிவிடும். பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.