பால்மரத்தின் அடியில்

பிழைப்பைத் தேடி அந்நிய நகரங்களில் குடியேறிய நம்மில் பலருக்கு வாரத்தில் ஒரு நாளே ஓய்வு. அதுவும் துணி துவைப்பதிலும் தூக்கத்திலும் கழிந்துவிடுகிறது. நானும் இதற்கு விலக்கல்ல. 2008-ஆம் ஆண்டு குடும்பத்தோடு சிங்கப்பூரில் தங்கி ஊழியம் செய்த நாட்களில், பல வீடுகளுக்குச் சென்று நலம் விசாரித்த நான், என் பிள்ளைகளை எங்கும் அழைத்துச் சென்றதில்லை. ஒரு விடுமுறை நாளில், "பூங்காவுக்குப் போகலாம், புறப்படுங்கள்" என்றேன். எட்டு வயது மகன் என்னை ஏறிட்டுப் பார்த்து, "அப்பா, நீங்களுமா வருகிறீர்கள்?" என்று கேட்டான். அக்கேள்வி என் உள்ளத்தில் தைத்தது.

மனைவி கட்டித் தந்த புளியோதரைப் பொட்டலங்களோடு, ஆர்ச்சர்ட் சாலை வழியாகச் செல்லும் மாடிப் பேருந்தில் ஏறினோம். மேல்தளத்தின் முன்னிருக்கையில் அமர்ந்த பிள்ளைகளுக்கு, தாங்களே பேருந்தை ஓட்டுவதாக எண்ணம்!

நாங்கள் சென்ற இடம் 1859-இல் நிறுவப்பட்ட தாவரவியல் பூங்கா. 2015-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. புல்வெளியில் தாழ்வாகக் கிளை நீட்டி நிற்கும் முதிய தெம்புசு மரத்தைக் கண்டதும், மகள் ஐந்து வெள்ளித் தாளை வாங்கிப் பார்த்தாள். அத்தாளின் பின்புறத்தில் இருப்பது அதே மரம்!

நடந்து சென்றபோது ஒரு ரப்பர் மரத்தைக் கண்டு நின்றேன். 1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் இப்பூங்காவின் இயக்குநரான ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல், பட்டையை மெல்லச் சீவித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை இங்கே கண்டறிந்தார். மலாயாவெங்கும் ரப்பர் தோட்டங்கள் பெருகின. அங்கே பால்மரம் வெட்டத் தமிழர்கள் ஆயிரமாயிரமாய்க் கப்பலேறினார்கள். அவர்களில் ஒருவர் என் பாட்டனார்.

"ஏன் விடியுமுன்னே வெட்டுவார்கள்?" என்றான் மகன். "குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும்" என்றேன். பிறகு, அதுவரை சொல்லாத ஒன்றையும் சொன்னேன். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய பாட்டனார் ஏழு ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியபோது, சிறுவனாயிருந்த என் தகப்பனார் அவரை அடையாளம் தெரியாமல் பாட்டியின் சேலைக்குப் பின்னே ஒளிந்துகொண்டாராம். பாட்டனாருக்கு வேறு வழியில்லை; கடல் குறுக்கே கிடந்தது. எனக்கும் என் பிள்ளைகளுக்கும் நடுவே எந்தக் கடலும் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே நான் தூரமாய்ப் போயிருந்தேன்.

மகன் மரப்பட்டையைத் தடவிப் பார்த்தான். பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டான். திரும்பும் பேருந்தில் என் தோளிலேயே உறங்கிப்போனான்.

பிரியமானவர்களே, நாம் பிள்ளைகளுக்காகவே உழைக்கிறோம் என்பது மெய்தான். ஆனாலும் வருகிற ஓய்வு நாளில் ஒரு பொட்டலச் சோற்றோடு அவர்களை அழைத்துக்கொண்டு பேருந்து ஏறுங்கள். "நீங்களுமா?" என்று அவர்கள் கேட்டால், "ஆம், நானும்தான்" என்று சொல்லுங்கள்.