வெள்ளிப் பெயின்ட்டுக்குள் ஒரு மனிதர்: ரோபோ சங்கர் ஏறி வந்த மேடைகள்!

ஆடி மாதம் வந்துவிட்டால் திருவொற்றியூரில் ஒரு தெரு விடாமல் மைக் செட் கட்டிவிடுவார்கள். காலையில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், ராத்திரி ஆர்க்கெஸ்ட்ரா. காலடிப்பேட்டையானாலும் சரி, எர்ணாவூரானாலும் சரி, கச்சேரியின் நடுவே ஒரு இடைவெளி வரும். பாடியவர்கள் தண்ணீர் குடிக்க வேண்டும், கீபோர்டு வாசிப்பவர் கொஞ்சம் கையை உதற வேண்டும். அந்தப் பத்து நிமிடம் கூட்டம் கலையாமல் இருக்க ஒருவர் மேடையேறுவார். ரஜினி போல நடப்பார், விஜயகாந்த் போலப் பேசுவார், டான்ஸ் ஆடுவார். நோட்டீஸில் அவர் பெயர் கடைசி வரியில் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்.

ரோபோ சங்கர் அப்படியொரு பத்து நிமிடத்திலிருந்து வந்தவர்.

சொந்த ஊர் மதுரை. ஜிம்மில் உழைத்துத் தேற்றிய உடம்பு. அந்த உடம்பு முழுக்க வெள்ளி நிற பெயின்ட்டைப் பூசிக்கொண்டு, இயந்திர மனிதன் மாதிரி வெட்டி வெட்டி ஆடுவார். ஊர் ஊராக அந்த ஆட்டம் போனது. சங்கர் என்ற பெயருக்கு முன்னால் 'ரோபோ' ஒட்டிக்கொண்டது அப்படித்தான். ஷங்கர் - ரஜினியின் 'எந்திரன்' 2010-ல்தான் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே கிராமத்துத் திருவிழாக்களில் ரோபோவைக் காட்டியவர் இவர்.

வேடிக்கை பார்ப்பவருக்கு அது சிரிப்பு. பூசிக்கொள்பவருக்கு அது வேலை. பெயின்ட் தோலில் காய்ந்து இறுகும், வியர்வை வெளியே வர வழி தேடும், ஆட்டம் முடிந்தபிறகு ராத்திரியோடு ராத்திரியாகத் தேய்த்து எடுக்க வேண்டும். அடுத்த நாள் இன்னொரு ஊர், இன்னொரு டப்பா பெயின்ட்.

டி.வி. கொடுத்த அடையாளம்

2005-ல் விஜய் டி.வி-யில் 'கலக்கப்போவது யாரு' தொடங்கியபோது, மேடைக் கலைஞர்களுக்கு அது பெரிய கதவு. அதுவரை மிமிக்ரி என்றால் கல்யாண வீடு, கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, நேற்றுவரை பெயரே தெரியாத ஒருவர் ஒரே ராத்திரியில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த முகமானார். சிவகார்த்திகேயன் வந்தது அந்த வழியில்தான். ரோபோ சங்கரும் அதே வழிதான்.

பிறகு 'அது இது எது'. அதில் வரும் 'சிரிச்சா போச்சு' சுற்றை மறந்தவர்கள் குறைவு. எதிரே உட்கார்ந்திருப்பவர் சிரித்துவிட்டால் தோற்றார். விதி அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்து காட்டுவது லேசு இல்லை. கெட்டப் போட்டுக்கொண்டு, கையில் முழு ஸ்கிரிப்ட்கூட இல்லாமல், அந்த நொடியில் தோன்றுவதைப் பேச வேண்டும். ரோபோ சங்கருக்கும் வடிவேல் பாலாஜிக்கும் மேடைப் பழக்கம் கைகொடுத்தது அங்கேதான். தெருக்கூட்டத்தை நிறுத்தி வைக்கத் தெரிந்தவருக்கு, சோபாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளைச் சிரிக்க வைப்பது கைவந்த கலை.

சவுண்டு முதல் சனிக்கிழமை வரை

சினிமா உடனே கூப்பிடவில்லை. 2013-ல் கோகுல் இயக்கிய 'இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா' படத்தில்தான் தியேட்டரில் அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். அடுத்த வருடம் பாலாஜி மோகனின் 'வாயை மூடி பேசவும்'. 2015-ல் அதே இயக்குநரின் 'மாரி'.

'மாரி' படத்தில் தனுஷின் நிழலாக வரும் 'சனிக்கிழமை' கேரக்டர் வடசென்னைக்காரர்களுக்கு இன்னும் நெருக்கம். காரணம், படத்தில் வரும் புறா பந்தயம். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் மொட்டை மாடியில் புறாக்கூண்டு வைத்து, வானத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்கள் நிறைய பேர். மதுரைக்காரர் ஒருவர் சென்னைத் தமிழ் பேசி, அந்தத் தெருப் பையன்களில் ஒருவராகவே தெரிந்தார் என்றால், அது மிமிக்ரி கற்றுத் தந்த காது. ஒருவரின் குரலை எடுக்க வேண்டுமென்றால், முதலில் அவர் பேசுவதை உன்னிப்பாகக் கேட்க வேண்டும்.

2016-ல் 'வேலைன்னு வந்துட்டா வெள்ளைக்காரன்' வந்தது. நினைவு குழம்பிப் போன எம்.எல்.ஏ. ஒரே கதையை முதலிலிருந்து மறுபடி மறுபடி ஆரம்பிக்கும் காட்சி, படத்தைவிடப் பெரிதாக ஓடியது. இன்றைக்கும் மீம் போடுகிறவர்களுக்கு அது கைவசம் இருக்கும் சரக்கு. பிறகு 'சிங்கம் 3', 'மாரி 2', அஜித்தோடு 'விஸ்வாசம்', விக்ரமோடு 'கோப்ரா'. 2022-ல் ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்ட பார்த்திபனின் 'இரவின் நிழல்' படத்திலும் இருந்தார்.

குழந்தைகளுக்கு அவரை வேறு மாதிரி தெரியும். 2019-ல் வெளியான 'தி லயன் கிங்' தமிழ்ப் பதிப்பில் பும்பா என்கிற காட்டுப்பன்றிக்குக் குரல் கொடுத்தவர் ரோபோ சங்கர். கூடவே சுற்றும் டிமோனுக்கு சிங்கம்புலி. முகம் தெரியாமல் குரலால் மட்டும் சிரிக்க வைத்தார். மிமிக்ரியில் தொடங்கியவருக்கு அது தாய்வீடு மாதிரி.

அதே 2019-ல் அவருடைய மகள் இந்திரஜா, விஜய்யின் 'பிகில்' படத்தில் பாண்டியம்மாவாக நடித்தார். மனைவி பிரியங்காவும் மேடையில் ஆடியவர், நடித்தவர். ஆக, வீடே ஒரு ட்ரூப்!

உடம்புதான் முதலீடு

2023-ல் அவருடைய புதிய படங்களைப் பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். மஞ்சள் காமாலை என்றார்கள். மீண்டு வந்தபிறகு, தன்னிடமிருந்த கெட்ட பழக்கங்கள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை இளைஞர்கள் முன்னால் மறைக்காமல் பேசினார். சிரிக்க வைத்தே பழகிய ஒருவர் அப்படிப் பேசுவதற்குத் தனி தைரியம் வேண்டும்.

மறுபடியும் வேலைக்கு வந்தார். 2025 செப்டம்பரில் படப்பிடிப்பில் மயங்கி விழுந்தார். செப்டம்பர் 18-ம் தேதி இரவு, சென்னையில் தனியார் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 46.

அவர் ஒருவரோடு இது நிற்கவில்லை. 'சிரிச்சா போச்சு'வில் கூடவே கலக்கிய வடிவேல் பாலாஜி 2020 செப்டம்பரில் போனார். 'கலக்கப்போவது யாரு'வில் பெயர் வாங்கிய கோவை குணா 2023 மார்ச்சில். 'லொள்ளு சபா' சேஷு 2024 மார்ச்சில். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோய், ஒவ்வொரு காரணம். ஆனால் நால்வரும் செய்த தொழிலில் ஒரு விஷயம் பொது. மேடை ஏறினால்தான் பணம்.

திருவொற்றியூர் வாசகர்களுக்கு இதைச் சுலபமாகப் புரியவைக்கலாம். இந்தப் பகுதியின் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்களின் பர்ஸில் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு, அவர் பங்கு 0.75 சதவிகிதம், முதலாளி பங்கு 3.25 சதவிகிதம். படுத்துவிட்டால் வைத்தியமும் உண்டு, வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதமும் உண்டு. அந்த அட்டையின் அருமை, படுத்து எழுந்த குடும்பத்துக்குத்தான் தெரியும்.

புரோகிராமுக்குப் புரோகிராம் கூலி வாங்கும் மேடைக் கலைஞருக்கு முதலாளி யார்? ஆடி மாதம் கூப்பிட்ட விழாக் கமிட்டியா? கல்யாண வீட்டுக்காரரா? ட்ரூப் நடத்துபவரா? யாரும் இல்லை. காய்ச்சலோடு போனால் பேமென்ட், படுத்துவிட்டால் ஒன்றுமில்லை. அடுத்த தடவை கூப்பிடுவார்களா என்ற பயம் வேறு. டி.வி-யில் முகம் தெரிந்துவிட்டால் வாழ்க்கை செட்டில் ஆகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். முகம் தெரிந்த சிலருக்குப் பின்னால், தெரியாத பலர் அதே பெயின்ட்டைப் பூசிக்கொண்டு நிற்கிறார்கள்.

கடைசி ஊர்வலத்தில் ஆடிய கால்கள்

ரோபோ சங்கரின் இறுதி ஊர்வலத்தில் பிரியங்கா ஆடினார். அந்த வீடியோ போன் போனாகச் சுற்றியது. "கணவர் இறந்த வீட்டில் ஆட்டமா?" என்று முகம் சுளித்துக் கமென்ட் போட்டவர்கள் உண்டு. "அவங்க துக்கத்தை அவங்க எப்படி வேணா காட்டட்டும், நமக்கென்ன?" என்று பதில் சொன்னவர்களும் உண்டு.

வடசென்னையில் இந்தக் கேள்வியே கொஞ்சம் விசித்திரமாகத்தான் படும். இங்கே சாவு வீட்டில் மேளம் அடிப்பார்கள், ஆடுவார்கள், பூ வாரி இறைப்பார்கள். கானா வளர்ந்ததே இரவு முழுக்க இறந்தவரின் பெருமை பேசிப் பாடிய இடங்களில்தான். அழுகையும் ஆட்டமும் ஒரே தெருவில் நடக்கும். இரண்டும் ஒரே துக்கம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கணவரோடு சேர்ந்து மேடை பார்த்த ஒரு பெண், தனக்குத் தெரிந்த மொழியிலேயே அவரை வழியனுப்பினார். அவ்வளவுதான்.

அடுத்த ஆடி மாதம் உங்கள் தெருவிலும் மேடை போடுவார்கள். பாட்டுக்கு நடுவில் ஒருவர் வந்து மைக்கைப் பிடிப்பார். உடனே போனை எடுத்துக் குனிந்துவிடாதீர்கள். கைதட்டுங்கள், நோட்டீஸில் இல்லாத அவர் பெயரைக் கேட்டு வையுங்கள். கமிட்டியில் நீங்கள் இருந்தால், பேசிய தொகையை அன்று ராத்திரியே கையில் கொடுத்தனுப்புங்கள்.