கடலைப் பார்த்தே திரும்பிய கயாக்



பதிவு கொஞ்சம் நீளம்தான். பிள்ளைகளைத் தண்ணியில இறக்குற விஷயம்ங்கிறதால சுருக்கி எழுத மனசு வரல. பொறுமையா படிங்க.

தெலுக் பஹாங் ஸ்ரீ சிங்கமுக காளியம்மன் கோயில் மாசி மகத் தெப்பத் திருவிழா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அம்மன் தெப்பத்தில் கடல்மேல் பவனி வர, பக்தர்கள் சின்னச் சின்னத் தெப்பத்துல விளக்கேத்தி கடல்ல விடுவாங்க. ராத்திரி பார்க்கும்போது கண்ணு நிறைஞ்சிடும். ஆனா மறுநாள் காலையில மிதந்து வர்ற காலித் தட்டுகளையும், ஊறின பூவையும், அட்டையையும் யார் எடுக்கிறது? ஒரு வருஷம் நாங்களாகவே கிளம்பிப் போனோம். யாரும் கூப்பிடல. தெரிஞ்சவங்ககிட்ட நாலு கயாக் இரவல் வாங்கிட்டுப் போனோம். சேஃப்டி ஜாக்கெட் எல்லாருக்கும் இருந்தது. அது போதும்னு நினைச்சதுதான் எங்க தப்பு.

அன்னிக்கு கடல் பக்கமிருந்து காத்து. எங்க கூட்டத்திலேயே சின்னவன், பத்தொன்பது வயசுத் தம்பி, கரையை ஒட்டியே போகணும்னு கிளம்பினான். ஆனா கயாக்கின் மூக்கு மட்டும் கடலைப் பார்த்தே திரும்புச்சு. அவன் நேராக்குவான், அது மறுபடி திரும்பும். இடது பக்கமே துடுப்பு போட்டுப் போட்டு அவனோட இடது தோள் ஓய்ஞ்சு போச்சு. கரையில நின்னு நாங்க, "வலிடா! நல்லா வலி!"ன்னு கத்தினோம். அவனும் வலிச்சான். வலிக்க வலிக்க இன்னும் தூரம் போனான். கடைசியில ஒரு மலாய் மீனவர், நாங்க பாக் சிக்னு கூப்பிடுவோம், தன்னோட படகுல போய் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தார்.

அதே நேரத்துல இன்னொரு கூத்து. எங்கள்ல ஒரு அண்ணன், தன் கயாக்குல இடுப்புக்குப் பக்கத்துல ஒரு சின்ன நகர்த்தும் பிடி இருக்கிறதைப் பார்த்திருக்கார். "இதை இறக்கினா நேரா போகும்"னு யாரோ சொன்னது ஞாபகம் வர, கடைசி வரைக்கும் தள்ளிட்டார். இப்ப மூக்கு காத்துக்கு முதுகைக் காட்டி, கரையைப் பார்த்துத் திரும்பிடுச்சு. என்ன துடுப்பு போட்டும் மாறல. முழங்கால் தண்ணியில குழந்தையைக் குளிப்பாட்டிக்கிட்டிருந்த ஒரு அம்மாவுக்கு ஒரு கை தூரத்துல வந்து நின்னுச்சு. அந்த அம்மா திட்டல. "பார்த்து வாங்க தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க. அது போதும், எங்களுக்குத் தலை குனிஞ்சிடுச்சு.

பாலம் ஏறி வீடு வர்ற வரைக்கும் வேன்ல ஒருத்தரும் பேசல. அடுத்த கூட்டத்துல எங்க பெரியவர் ஒருத்தர், "பிள்ளைங்க உயிரைப் பணயம் வச்சு தொண்டா? கரையில நின்னு பொறுக்கினா போதும்"னார். பதில் சொல்ல எங்களுக்கு வாய் இல்ல. அந்தத் தம்பி மூணு வாரம் கோயில் பக்கமே வரல.

அதுக்கப்புறம்தான் தெரிஞ்சவங்களைத் தேடிப் போய்க் கத்துக்கிட்டோம். ஒரே காத்து, ஆனா ஒரு கயாக் ஏன் கடலைப் பார்த்துத் திரும்புச்சு, இன்னொண்ணு ஏன் கரையைப் பார்த்துத் திரும்புச்சு?

கயாக் முன்னுக்குப் போகும்போது மூக்கு தண்ணியை வெட்டிக்கிட்டுப் போகுது. அந்த இடத்துல தண்ணி ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிச்சுக்கும். வால் பக்கம் இருக்கிறது ஏற்கனவே கலங்கின தண்ணி, அங்க பிடிப்பு குறைவு. பக்கவாட்டுல காத்து அடிச்சா மூக்கு அசையாது, வால்தான் காத்தோட போகும். வால் அந்தப் பக்கம் போனா மூக்கு காத்து வர்ற திசைக்குத் திரும்பும். எவ்வளவு வேகமா வலிக்கிறோமோ அவ்வளவு திரும்பும். "வலிடா"ன்னு நாங்க கத்தினது எவ்வளவு பெரிய தப்புன்னு அப்பதான் உறைச்சது. அவன் துடுப்பைக் கீழ வச்சுட்டுச் சும்மா உக்கார்ந்திருந்தா, கயாக் காத்துக்குக் குறுக்கா கிடந்து, அன்னிக்கு அடிச்ச காத்தே கரைக்குத் தள்ளியிருக்கும். போதாததுக்கு, பொறுக்கின தட்டு மூட்டையை முன்னால கால்கிட்ட வச்சிருந்தான். முன்னால பாரம் ஏறினா மூக்கு இன்னும் ஆழமா பிடிச்சுக்கும், வால் இன்னும் லேசாகிடும்.

இதுக்குத்தான் ஸ்கெக். கயாக்கின் அடியில, வாலுக்குக் கொஞ்சம் முன்னால, மீனோட செட்டை மாதிரி ஒரு சின்னத் தகடு. சில கயாக்குல நிரந்தரமா பொருத்தியிருப்பாங்க. சிலதுல ஏத்தி இறக்கலாம். இது சுக்கான் இல்ல. சுக்கான் இடம் வலமா திரும்பி படகைத் திருப்பும். ஸ்கெக் திரும்பாது, மேலேயும் கீழேயும் மட்டும்தான் போகும். அது வாலை நழுவ விடாம பிடிக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் இறக்கினா மூக்குக்கும் வாலுக்கும் பிடிப்பு சமமாகி, குறுக்குக் காத்துலயும் நேரா ஓடும். முழுசா இறக்கினா வால் ரொம்ப இறுகிடும். அப்ப காத்து மூக்கைத் தள்ளும், கயாக் காத்தோட போற திசைக்குத் திரும்பும். அண்ணனுக்கு நடந்தது அதுதான். நேராப் போற பிடிப்பு கூடக் கூட, திரும்புற சுலபம் குறையும். ரெண்டையும் ஒண்ணா முழுசா வாங்க முடியாது.

நம்ம முன்னோருக்கு இந்த அறிவு இருந்தது. கட்டுமரத்துக்கு அடியில தனியா தண்டு கிடையாது. அதனால பாய் விரிக்கும்போது, பக்கவாட்டுல நழுவாம இருக்க ஒரு பலகையைத் தண்ணிக்குள்ள இறக்குவாங்க. நம்ம வட செபெராங் பிறை மண்ணிலேயே 1834-இல் ஜேம்ஸ் லோ ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தர் என்ற மகாநாவிகர், அதாவது பெரிய கடலோடி, தன் பயணம் வெற்றி பெற வேண்டிப் பொறித்தது. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுன்னு சொல்றாங்க. கல் இப்போ கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்துல இருக்கு. அவ்வளவு கடல் பார்த்த மனுஷரும் வேண்டுதல் வச்சிருக்கார். ஆனா வேண்டுதலை மட்டும் நம்பிக் கடலேறியிருக்க மாட்டார்.

இதையெல்லாம் பெரியவர்கிட்ட சொன்னோம். நம்பல. "கண்ணால பார்க்கணும்"னார். பினாங் துங்கால் பக்கம் சுங்கை மூடாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிட்டுப் போனோம். அந்தத் தம்பியையும் வீட்டுக்குப் போய்க் கையோட அழைச்சுட்டு வந்தோம். ஸ்கெக்கை ஏத்தி ஒரு தடவை, பாதி இறக்கி ஒரு தடவை, முழுசா இறக்கி ஒரு தடவை ஓட்டச் சொன்னோம். பெரியவர் கரையில நின்னு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "முப்பது வருஷமா தைப்பூசத்துல, முதுகுல கொக்கி போட்டு வர்றவங்களுக்குப் பின்னால கயிறு பிடிக்கிறேன்டா. கயிறைத் தளர விட்டா அவர் தடுமாறுவார். ரொம்ப இழுத்தா நகரவே முடியாது. எங்க போகணும்னு முடிவு பண்றது முன்னால போறவர்தான். நான் பிடிக்கிறதோட சரி. இதுவும் அதேதானே?"

நாங்க ஒரு மாசமா படிச்சதை அவர் ஒரே மூச்சுல சொல்லிட்டார். அப்புறம் தம்பி பக்கம் திரும்பி, "அன்னிக்கு உன் மேல தப்பில்லப்பா. தெரியாம வலின்னு கத்தினது நாங்கதான்"னார். பையன் ஒண்ணும் பேசல. ஆனா அடுத்த வாரம் எங்களுக்கு முன்னாடியே வந்து நின்னான்.

இப்போ எங்க விதிமுறை இதுதான். இரவல் கயாக்குல இறங்கப் போறவங்க யாரா இருந்தாலும் குறிச்சு வச்சுக்குங்க:

1. எதிர்காத்துல ஸ்கெக் மேலே. குறுக்குக் காத்துல கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, கயாக் நேராகுற இடத்துல நிறுத்தணும். பின்காத்துல முழுசா இறக்கலாம்.
2. திரும்பணும்னா முதல்ல ஸ்கெக்கை மேலே ஏத்திடுங்க.
3. கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஏத்திடுங்க. இல்லன்னா தரையில இடிச்சு வளைஞ்சிடும்.
4. கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்கெக் ஒளிஞ்சிருக்கிற பள்ளத்தைப் பாருங்க. ஒரு சின்னக் கல்லு சிக்கினாலும் இறங்காது. தகட்டுல சின்னக் கயிறு கட்டி வச்சா, பக்கத்துல இருக்கிறவர் இழுத்து விடலாம்.
5. மூட்டையை முன்னால வைக்காதீங்க, பின்னால வைங்க.
6. தனியா போகாதீங்க. காத்து கரையிலிருந்து கடலுக்கு அடிச்சா இறங்கவே இறங்காதீங்க. அன்னிக்குக் காத்து கரைக்குத் தள்ளும்னு சொன்னோமே, இந்தக் காத்து கடலுக்குத் தள்ளிடும். ஸ்கெக் அதைத் தடுக்காது.

நாலாவது விதியைப் பார்க்கிற பொறுப்பு இப்போ அந்தத் தம்பியோடது. ஒவ்வொரு கயாக்கையும் கவிழ்த்துப் போட்டு, விரலை விட்டுத் தடவிப் பார்த்துட்டுத்தான் தண்ணியில இறக்க விடுவான். பெரியவர் கயாக்ல ஏறல, ஏறவும் மாட்டார். விசிலும் கையுமா கரையில நிப்பார்.

வர்ற மாசி மகத்துக்கு மறுநாள் காலையில எங்களோட கை கொடுக்க விரும்புறவங்க கீழே பேரைப் போடுங்க. தண்ணியில இறங்கணும்னு இல்ல, கரையிலும் நிறைய வேலை இருக்கு. இறங்குறவங்க மட்டும் சுங்கை மூடாவுல நாலு ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வந்தே ஆகணும். அதுல சலுகை கிடையாது, கோவிச்சுக்காதீங்க.

விளக்கு விடப் போறவங்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். பிளாஸ்டிக் தட்டு வேண்டாமே. பாக்கு மட்டையோ வாழை மட்டையோ போதும். அம்மன் ஏத்துக்குவா.

அனைவருக்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும்.