துப்பாக்கியும் கிற்றாரும்

றொக் இசையை விரும்பாதோர் அதன்மீது சுமத்தும் குற்றங்களுள் நீட்சியும் ஒன்று. மூன்று நிமிடத்தில் முடியவேண்டிய பாட்டை மேடையிலே பத்து, இருபது நிமிடங்களுக்கு இழுத்துச்செல்வது வாத்தியக்காரரின் வித்தைச் செருக்கேயன்றி வேறில்லை என்பர். பல பாடல்களைப் பொறுத்தவரை இக்கூற்று உண்மையே. ஆயின், 1970 ஆம் ஆண்டு ஜனவரி 1 ஆம் திகதி நியூயோர்க் நகரின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்த 'மெஷின் கன்' என்னும் பாடலுக்கு அது பொருந்தாது. பன்னிரண்டரை நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட அப்பாடலில் நீட்சியே பொருள் எனலாம்.

ஏறத்தாழ 475,000 அமெரிக்கப் படையினர் அப்போது வியட்நாமில் இருந்தனர். ஹென்ட்ரிக்ஸ் தாமும் 1961 இல் படையிற் சேர்ந்து, பரசூட் வீரராகப் பயிற்சி பெற்று, மறு ஆண்டே விலகியவர்; போர்முனையைக் கண்டவரல்லர். அன்று பேஸ் கிற்றார் வாசித்த பில்லி கொக்ஸ், படைமுகாமிலே அறிமுகமான தோழர். ட்றம்ஸ் வாசித்தவர் பட்டி மைல்ஸ். மூவரும் கறுப்பினத்தவர். பாடலைத் தொடங்குமுன் ஹென்ட்ரிக்ஸ் அதனைச் சிக்காகோவிலும் மில்வோக்கியிலும் நியூயோர்க்கிலும் போராடும் வீரர்க்குக் காணிக்கையாக்குகிறார். பின்னர், மறந்ததை நினைத்துக்கொண்டவர்போல, வியட்நாமில் உள்ளோரையும் சேர்த்துக்கொள்கிறார். இவ்வரிசையைத் தற்செயலென்று கொள்வதற்கில்லை. அதற்கு நான்கு வாரங்களின் முன்னர், 1969 டிசெம்பர் 4 ஆம் திகதி, கருஞ்சிறுத்தைகள் கட்சியின் இளந்தலைவரான பிரெட் ஹாம்ப்டன் சிக்காகோவில் தமது இல்லத்திலேயே பொலிசாரால் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார்.

பாடலின் சொற்கள் மிகச் சில. கொல்பவனும் கொல்லப்படுபவனும் ஒரே நிலையினர் என்பதும், அவர்களை அந்நிலைக்கு ஆளாக்கியோர் வேறு சிலர் என்பதுமே அவற்றின் சாரம். கிற்றாரும் ட்றம்மும் ஒருங்கிணைந்து, இடையிடையே சடசடவென்று சுடும் ஒலியை எழுப்புகின்றன. இவ்வளவில் நின்றிருப்பின் இது கெட்டிக்காரத்தனமான ஒலிக்குறிப்பாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

நான்காவது நிமிடமளவில் தனிவாசிப்புத் தொடங்குகிறது. தொடங்குவது ஒரேயொரு சுரம். உச்சத்தில் எழுந்த அச்சுரம் இறங்க மறுத்து நிற்கிறது. மீட்டிய தந்தியின் ஒலி இயல்பாகத் தேய்ந்து மறைய வேண்டியது. ஒலிபெருக்கியைப் பெருமுழக்கத்தில் வைத்து அதன்முன் நின்று வாசிக்கும்போதோ, வெளிப்படும் ஓசை மீண்டும் தந்தியை அதிரச்செய்கிறது. ஆகவே சுரம் தேயாது தன்னைத்தானே வளர்க்கிறது. 'ஃபஸ் ஃபேஸ்' என்னும் சிறுகருவி அவ்வொலியைக் கரடாக்க, 'யூனிவைப்' என்னும் மற்றொன்று அதனை நீருக்கடியிற் கேட்பதுபோல் அலைவுறச் செய்கிறது. இவையெல்லாம் மின்பொறியியல், செவியில் விழுவதோ ஒரு மனிதனின் கூக்குரல். சற்றுமுன் துப்பாக்கியாக ஒலித்த அதே கருவி இப்போது சுடப்பட்டவனின் தொண்டையாகிவிடுகிறது.

இராக ஆலாபனையிற் பழகிய செவிக்கு, ஒரு சுரத்தில் நிலைத்துப் பின் விரிவது புதிதன்று. ஆயின், ஆலாபனையில் விரிவு ஓர் அமைதியை நோக்கிச் செல்லும். இங்கு அமைதி இல்லை. ஹென்ட்ரிக்ஸ் கிற்றாரின் அதிர்வுக் கைப்பிடியை அழுத்தித் தந்திகளைத் தளர்த்த, சுரங்கள் நிலைகுலைந்து வீழ்கின்றன; வீழ்ந்தவை மீண்டும் எழ முயல்கின்றன. இவற்றின் அடியில் கொக்ஸின் பேஸ் ஒரே சுரத்தொடரைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறது. ஒரே சுரக்கூட்டின்மீது பாடல் முழுவதும் நிற்பதால் வெளியேற வழியே இல்லை. அச்சம் அழுகையாகிறது, அழுகை வெகுளியாகிறது. எது எங்கே முடிந்தது என்று எல்லை வகுத்தல் இயலாது. துயரை அறிவிக்க மூன்று நிமிடம் போதும். அதனுள் ஒருவரை இருத்தி வைக்கப் போதாது.

குறைகள் இல்லாமலில்லை. இறுதிப் பகுதியிற் குண்டுவீச்சையும் அபாயச் சங்கையும் ஒத்த ஒலிகள் வருகின்றன. கேட்போர் வியக்கலாம், எனினும் அவ்வொற்றைச் சுரத்தின் முன் இவை வெறும் போலிசெய்தலே. மைல்ஸின் உச்சக்குரற் பாட்டும் அத்துணைச் சிறந்ததன்று.

பழைய ஒப்பந்த வழக்கொன்றைத் தீர்ப்பதற்காகவே இவ்விசைத்தட்டு 1970 மார்ச்சில் வெளியிடப்பட்டது என்பது வேடிக்கையான செய்தி. அவ்வாண்டு செப்டெம்பர் 18 ஆம் திகதி ஹென்ட்ரிக்ஸ் தமது இருபத்தேழாவது வயதில் இலண்டனில் இறந்தார்.

பாடலின் முடிவில், இவ்வொலியை இனிக் கேட்க விரும்பவில்லை என்னும் கருத்துப்பட அவர் சபையோரிடம் கூறுகிறார். துப்பாக்கிக் குண்டுகள் வேண்டாம், இந்த இடத்திலாயினும் வேண்டாம் என்று சொல்லி மெல்லச் சிரிக்கிறார். பன்னிரண்டு நிமிடம் அவ்வொலியையே கேட்டிருந்த சபையோர் கைதட்டுகின்றனர்.