கற்பூர இலை வெந்நீர்

ஷேவிங் சோப்பைக் கடையில் மூடி திறந்து முகர்ந்து பார்த்து வாங்குவதில் பயனில்லை. காய்ந்த சோப்பு பாதி வாசனையைத்தான் காட்டும். பிரஷை வெந்நீரில் ஊறவைத்து உதறி, சோப்பின் மேல் அரை நிமிஷம் சுழற்றி, தாடையில் வைத்துக் குழைக்கும்போதுதான் மீதி வாசனை கிளம்பும். எலுமிச்சை, பெர்கமாட் மாதிரியான பழத்தோல் எண்ணெய்கள் முதலில் வந்து முதலில் போய்விடும். முகம் கழுவும்போதே தேட வேண்டியிருக்கும். லாவெண்டர் கொஞ்ச நேரம் நிற்கும். சந்தனமும் வெட்டிவேரும் மெதுவாக வரும், துண்டால் துடைத்த பிறகும் கன்னத்தை விட்டுப் போகாது.

கொஞ்ச காலமாக இப்படிப்பட்ட சோப்புகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துவருகிறேன். செயற்கை சென்ட் கலக்காமல், செடி கொடிகளிலிருந்து எடுத்த எண்ணெய் மட்டும் சேர்த்துக் கையால் காய்ச்சுகிறவர்கள் இப்போது நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். தகர டப்பாவிலோ சின்ன மரக்கிண்ணத்திலோ ஊற்றி அனுப்புகிறார்கள். சந்தனம் நன்றாக இருந்தது. வெட்டிவேர் அதைவிடப் பிடித்தது. பானைத் தண்ணீர் வாசம். ரோஸ்மேரி ஆகவில்லை, சமையல்கட்டு நினைவு வந்தது. ஆனால் நான் உண்மையில் தேடிக்கொண்டிருந்தது யூக்கலிப்டஸ். என் அப்பா சவரம் செய்துகொண்ட வாசனை அது.

நாங்கள் இருந்தது அருவங்காட்டில். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே, சுமார் 6,000 அடி உயரத்தில், கார்டைட் பேக்டரியைச் சுற்றி எழுந்த ஊர். பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் வேண்டிய வெடிமருந்து செய்வதற்காக வெள்ளைக்காரர்கள் கட்டிய தொழிற்சாலை. அப்பாவுக்கு அங்கே வேலை, எங்களுக்கு அங்கே குவார்ட்டர்ஸ். மேட்டில் ஓட்டு வீடு, பின்னால் பீன்ஸும் முட்டைக்கோசும் போடச் சின்ன இடம், அதற்கப்பால் வானம் மறைக்கக் கற்பூர மரங்கள். யூக்கலிப்டஸை அங்கே கற்பூர மரம் என்றுதான் சொல்வோம். தரையெல்லாம் அதன் இலை. வாள் மாதிரி வளைந்து, பழுத்தால் செம்பழுப்பாகி, மிதித்தால் நொறுங்கி மூக்கைத் துளைக்கும்.

அந்தக் குளிரில் சவரம் என்பது வெந்நீர் காய்வதிலிருந்து தொடங்கும். காலையில் அம்மா முதலில் செய்வது விறகடுப்பு மூட்டுவது. காய்ந்த கற்பூர இலை ஒரு கைப்பிடி போதும், எண்ணெய் இருப்பதால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் அங்கே வருஷத்தில் பெரும்பாலான நாள் உறைந்துதான் இருக்கும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது கெட்டி. பாட்டிலை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்திருப்பார்கள். அதற்குப் பக்கத்திலேயே அப்பாவின் சோப்பும் பிரஷும் சூடேறிக்கொண்டிருக்கும். குளிர்ந்த பிரஷைக் கன்னத்தில் வைத்தால் உடம்பு தூக்கிப்போடும் என்பார்.

"கண்ணு, அந்தக் கண்ணாடியக் கொண்டா" என்று குரல் வரும். நான் கொண்டுபோய் ஜன்னல் கம்பியில் மாட்டுவேன். அப்பா முக்காலியில் உட்கார்ந்து, துண்டைக் கழுத்தில் செருகி, அலுமினியக் கிண்ணத்து வெந்நீரை முதலில் இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் ஒற்றிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். பிறகு பிரஷ். காதோரத்திலிருந்து கீழே, தாடைக்கடியில் வட்டமாக, மேலுதட்டில் நுனியால் மட்டும். நுரை கெட்டிப்பட்டு, பிரஷை எடுத்த இடத்தில் கூர்முனையாக நின்றால்தான் ரேசரைத் தொடுவார். நின்றது போதாது என்றால் இன்னும் இரண்டு சொட்டுத் தண்ணீர், இன்னும் கொஞ்சம் குழைப்பு. அவசரமே கிடையாது. பேக்டரி நேரத்துக்குள் எல்லாம் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

ரேசர் தன் எடையிலேயே இறங்கும். அமுக்க மாட்டார். வலது கையில் ரேசர், இடது கை விரல் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்திருக்கும். முதலில் முடி போகிற வாட்டத்தில் ஒரு தடவை, மறுபடியும் நுரை போட்டுக் குறுக்காக ஒரு தடவை. எதிர்வாட்டத்தில் போகவே மாட்டார். பிளேடு முடியை அறுக்கும் சரசரப்பு அந்த அமைதியில் நன்றாகக் கேட்கும். கடைசியில் படிகாரக் கட்டியை நனைத்துத் தடவி, நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்து, மீந்த நுரையை என் மூக்கில் ஒரு பொட்டு வைப்பார். நான் வெறும் விரலால் என் தாடையில் "ஷேவ்" பண்ணிக்கொள்வேன்.

சோப்பு எதனால் நுரைக்கிறது என்று பின்னாளில் தேடிப் படித்தேன். ஷேவிங் சோப்பின் உயிர் ஸ்டியரிக் அமிலம் என்கிற கெட்டிக் கொழுப்பு. முன்பு மாட்டுக் கொழுப்பிலிருந்து பெரும்பாலும் எடுத்தார்கள், இப்போது பாமாயிலிலிருந்தும் எடுக்கிறார்கள். நுரை பத்து நிமிஷம் கலையாமல் நிற்பது அதனால். தேங்காய் எண்ணெய் சேர்ந்தால் நுரை சட்டென்று பொங்கும், ஆனால் தனியாக விட்டால் சட்டென்று அடங்கியும் விடும். குளியல் சோப்புக்குக் காஸ்டிக் சோடா போதும். ஷேவிங் சோப்புக்குப் பொட்டாசியம் காரமும் வேண்டும், அப்போதுதான் பிரஷுக்கு இளகிக் கொடுக்கும். இந்தக் கொழுப்பும் காரமும் சேரும்போது சோப்போடு கூடவே பிறப்பது கிளிசரின். பெரிய ஆலைகள் அதற்கு நல்ல விலை உண்டு என்பதால் பிரித்து எடுத்துவிடுவது வழக்கம். கையால் காய்ச்சுகிறவர்கள் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இயற்கை சோப்பில் ஷேவ் செய்த முகம் வறளாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் கிளிசரினை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்தால் நைட்ரோகிளிசரின். ஆபெல், டீவர் என்ற இரண்டு பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் 1889-இல் உருவாக்கிய கார்டைட்டில் முக்கியமான பங்கு அதுதான். அதோடு வெடிபஞ்சு, கொஞ்சம் வாசலின். முதல் உலகப்போரில் சோப்பு ஆலைகளின் கிளிசரினுக்கு அவ்வளவு கிராக்கி வந்தது இதனால்தான். பேக்டரி வாசலில் பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் அப்பாவை உள்ளே விடுவார்கள். வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரே ஒரு தடவை, சோப்பைக் காட்டி, "இதுல இருந்து வர்ற சரக்குத்தான் அங்கயும்" என்றார். சின்னப் பையனான எனக்கு அது விளங்கவில்லை. இப்போது டப்பாவின் மேல் கிளிசரின் என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் அவர் உள்ளங்கையில் அந்த வட்டச் சோப்பு தெரிகிறது.

யூக்கலிப்டஸ் சோப்பில் பேர்போனது இத்தாலியின் புரோராசோ. புளோரன்ஸில் மார்ட்டெல்லி குடும்பம் 1908-இல் தொடங்கிய தொழில். புரோராசோ என்ற பெயர் 1948-இல் வந்தது. பச்சை டப்பாவில் யூக்கலிப்டஸும் மெந்தாலும். சென்னையின் மே மாதக் காலையில் அதைப் போட்டுப் பார்த்தேன். கன்னம் ஜில்லிட்டது. தோலின் சூடு குறைவதில்லை. குளிரை அறிகிற நரம்பு முனைகளை மெந்தால் உசுப்பிவிடுகிறது, மூளை அதைக் குளிர் என்றே எடுத்துக்கொள்கிறது. யூக்கலிப்டஸ் தைலத்தில் மிகுதியாக உள்ள சினியோலும் இதே வேலையை இன்னும் மெல்லச் செய்யும். மின்விசிறிக் காற்றில் அந்தக் குளிர்ச்சி நிற்கும் சில நிமிஷங்கள் எனக்கு வேண்டியிருக்கின்றன. வேர்க்கும் ஊரில் வாழ்கிற மலைக்காரனுக்கு அது பெரிய விஷயம்.

அருமையான சோப்புதான். ஆனால் அது அப்பாவின் வாசனை இல்லை. சுத்தமாக, வெளுத்து இருந்தது. அடுத்து வாங்கிய கைச்சோப்புகளில் யூக்கலிப்டஸோடு புதினாவைக் கொட்டியிருந்தார்கள்; மருந்துக்கடை ஆகிவிட்டது. இன்னொன்றில் எலுமிச்சம்புல். மற்றொன்று பரவாயில்லை, அதிலும் ஏதோ ஒன்று குறைந்தது.

அம்மாவிடம் கேட்டேன். எண்பதைத் தாண்டிவிட்டாள், ஆனால் அந்த வீட்டின் ஒவ்வொரு ஆணியும் நினைவிருக்கிறது. சிரித்தாள். "அப்பா சோப்புல ஏது கண்ணு தைல வாசம்? அது எல்லாரும் வாங்குற கோத்ரெஜ் ரவுண்டு. இலை கெடந்தது தண்ணியில. சளி புடிக்கக் கூடாதுன்னு வெந்நீர் அண்டாவுல நான் ஒரு கொத்துப் போட்டு வெப்பேன். அதுலதான குளிச்சீங்க, அதுலதான அவரு சேவிங் பண்ணாரு."

இதைக் கேட்டபின் எல்லாம் பொருந்திவந்தது. பச்சை இலை கொதித்த தண்ணீர். அந்தத் தண்ணீர் காய்ந்ததும் அதே மரத்தின் விறகில். வெந்நீரில் புகையும் கலந்திருந்தது. அப்பாவின் துண்டில், ஸ்வெட்டரில், கண்ணாடிச் சட்டத்தில்கூட அந்தப் புகை இருந்தது.

யூக்கலிப்டஸ் தைலம் காய்ச்சும் கொட்டகைகளும் அப்போது ரோட்டோரம் நிறைய இருந்தன. செம்புக் கொப்பரையில் உதிர்ந்த இலையை மிதித்துத் திணித்து, தண்ணீர் விட்டு மூடி, கீழே தீ. ஆவி குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்த தண்ணீரில் இறங்கி, மறுமுனையில் தைலமும் தண்ணீருமாகச் சொட்டும். தைலம் மேலே மிதக்கும், வடித்து எடுப்பார்கள். வடித்துத் தீர்ந்த இலையைக் காயவைத்து அதையே மறுபடி அடுப்புக்குப் போடுவார்கள். இலை பொறுக்கிக் கோணியில் கட்டித் தலையில் சுமந்து வந்து எடைக்குப் போடும் பெண்களைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பார்ப்போம். நேராகத் தீயில் வைத்துக் காய்ச்சுவதால் அடியில் சில இலைகள் கருகி, தைலத்தில் லேசான புகை நெடி சேரும். பெரிய ஆலையின் தைலத்தில் அந்த நெடி இருக்காது. இன்று கொட்டகைகள் குறைந்துவிட்டன. சீனாவிலிருந்து மலிவாக வரும் தைலத்தோடு போட்டிபோடக் கொட்டகைக்காரர்களால் முடியவில்லை.

மரத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கற்பூர மரம் நீலகிரியின் மரமே இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, 1843 வாக்கில், விறகுக்காக நட்டுப் பார்த்தார்கள். பிறகு சோலைகளையும் புல்வெளிகளையும் அழித்துக் கொத்துக்கொத்தாக நட்டார்கள். ஊற்றுகள் வற்றுகின்றன என்று மலைவாசிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்நிய மரங்களை அகற்றிச் சோலையை மீட்க வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. புல்வெளி திரும்பட்டும், தண்ணீர் திரும்பட்டும். ஆனாலும் என் பால்யம் அந்த மரத்தின் வாசனையில்தான் இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இருப்பதில்லை. அப்பா ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தோம். சொந்த ஊர் என்று கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தைச் சொல்வோம், அங்கே நான் வளரவில்லை. வளர்ந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள், அவர்களும் ஒருநாள் சாவி கொடுப்பார்கள். போன முறை மலைரயிலில் போனபோது வெலிங்டன் தாண்டியதும் எழுந்து வாசலில் நின்றுகொண்டேன். அருவங்காடு ஸ்டேஷனில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. மேட்டில் ஓடுகள் தெரிந்தன, எது எங்களுடையது என்று சொல்ல முடியவில்லை. அதற்குள் வண்டி கேத்திக்குப் புறப்பட்டுவிட்டது.

அதனால் இப்போது என் தேடல் மாறிவிட்டது. வாசனையே சேர்க்காத ஷேவிங் சோப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. ஸ்டியரிக், தேங்காய் எண்ணெய், கொஞ்சம் ஆமணக்கு, கிளிசரின், அவ்வளவுதான். வெறும் கொழுப்பின் மெல்லிய மணம். சொம்பில் கற்பூர இலைகளைப் போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்க வைத்து, வடிகட்டி, கொஞ்சம் ஆறவிட்டு, அதில் பிரஷை ஊறவைக்கிறேன். தைலத்தை நேராகச் சொட்டினால் தண்ணீரில் கரையாமல் மிதந்து தோலை எரிக்கும், இலைதான் சரி. கேஸ் அடுப்பில் புகை வராது. அது மட்டும் குறை. மற்றபடி, கண்ணை மூடி முதல் கை வெந்நீரை முகத்தில் ஒற்றும்போது அப்பா ஏன் அவ்வளவு நேரம் அப்படியே இருந்தார் என்று தெரிகிறது.

பேக்டரியில் அப்பாவோடு வேலை பார்த்தவரின் மகன் இன்னும் குன்னூரில் இருக்கிறான், மாதம் ஒருமுறை சென்னை வருவான். இலை தீர்ந்துபோனதால் அடுத்த தடவை ஒரு பை நிறையக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பச்சையாக ஒரு பங்கு, உதிர்ந்தது ஒரு பங்கு. முடிந்தால் ஏதாவது கொட்டகையில் காய்ச்சிய தைலம் ஒரு சீசா, அம்மாவின் முழங்காலுக்கு. சந்தன சோப்பையும் பச்சை டப்பாவையும் அவனுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.